யாவாஸ்கிரிப்ட்: கற்றல் வளங்களும் கருவிகளும்

இணையப் பக்கம் ஒன்றின் கட்டமைப்பை எச்.ரி.எம்.எல். தருகின்றது. தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். தருகின்றது. இயக்கத்தைத் தருவது யாவாஸ்கிரிப்ட் ஆகும். இம்மொழியின் முதல் வடிவம் 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் பத்து நாட்களில் ஆக்கப்பட்டது. 1997 இல் எக்மா நிறுவனம் இதற்கு நியமம் வகுத்தது. யாவா என்பது வேறொரு மொழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளல் ஆகாது.

உயர்தரப் பாடத்தில் நீங்கள் கற்கும் பி.எச்.பி. சேவையகத்தில் இயங்குவது. யாவாஸ்கிரிப்ட் பயனரின் மேலோடியில் இயங்குவது. 2009 இல் நோட் ஜேஎஸ் வந்தபின் இது சேவையகத்திலும் இயங்குகின்றது.

1. தேவையான கருவிகள்

(அ) உரைத் தொகுப்பி: நோட்பேட் போதுமானது. 2015 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் இலவசமானது. இலக்கணப் பிழைகளை உடனே காட்டும்.

(ஆ) மேலோடி: குரோம் அல்லது பயர்பொக்ஸில் எஃப் 12 சாவியை அழுத்திக் கொன்சோல் பகுதிக்குச் செல்க. அங்கே எழுதும் கூற்று உடனே இயங்கும். இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. ஆகவே வீட்டில் இணைப்பு இல்லாத மாணவரும் நாள்தோறும் பயிலலாம்.

2. கற்றல் வளங்கள்

(அ) மொசில்லாவின் எம்.டி.என்.: ஒரு கட்டளையின் பொருளையும் உதாரணத்தையும் பார்ப்பதற்கு.

(ஆ) பிரீகோட்காம்ப் (2014): படிப்படியான இலவசப் பயிற்சிகளுக்கு.

இவற்றின் ஆங்கிலம் கண்டு தயங்க வேண்டாம். முதலில் உதாரணத்தைத் தட்டச்சுச் செய்து இயக்குக. பின்பு விளக்கத்தை வாசிக்குக. பிரதிசெய்து ஒட்டினால் கை பழகாது. பரீட்சை மண்டபத்தில் ஒட்டுவதற்கு எதுவும் இராது.

3. வழுச் செய்திகள்

சிவப்பு எழுத்தைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். வழு உள்ள வரியின் இலக்கம் அதிலேயே உண்டு.

• சின்ரக்ஸ் எரர்: இலக்கணப் பிழை. அடைப்புக்குறி விடுபட்டிருக்கலாம்.
• ரெபரன்ஸ் எரர்: அறிவிக்கப்படாத மாறியைப் பயன்படுத்தியமை.
• ரைப் எரர்: அத்தரவு வகைக்குப் பொருந்தாத செயலைச் செய்ய முயன்றமை.

4. தமிழில் கவனிக்க வேண்டியது

"யாழ்ப்பாணம்" என்ற சொல்லில் ஆறு எழுத்துகள். ஆனால் யாவாஸ்கிரிப்டில் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 11 என விடை வரும். யுனிகோட்டில் ய, கால், ழ, புள்ளி என ஒவ்வொரு குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். "ஊர்ப் பெயர் 10 எழுத்துக்கு மேற்படலாகாது" எனப் படிவம் அமைத்தால் யாழ்ப்பாணத்தார் தம் ஊரை அதில் எழுத முடியாது! தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ண இன்ரெல் செக்மென்ரர் என்னும் வசதியைப் பயன்படுத்துக. ஆங்கில வழிகாட்டிகள் பல இதனைச் சொல்லுவதில்லை; தமிழில் தளம் அமைக்கும் நீங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பயிற்சி வினாக்கள்

1. "அம்மா" என்ற சரத்தின் நீளம் யாது?
2. உள்ளீட்டுப் பெட்டிகளில் 5, 7 என வழங்கி + குறியால் கூட்டியபோது 57 என வந்தது. காரணமும் திருத்தமும் தருக.

விடைகள்

1. 5 (அ, ம, புள்ளி, ம, கால்).
2. பெட்டியில் இடப்படுபவை சரங்களாகவே பெறப்படும். + குறி சரங்களை இணைக்கும். முதலில் எண்ணாக மாற்றிப் பின் கூட்டினால் 12 வரும்.