துளித்துளியாய் இறங்கும் சுவை

நுழையும்முன்

மின்சாரம் வேண்டாத எளிய கருவி ஒன்று, பல தமிழ் இல்லங்களில் பொழுது விடிந்ததும் முதலில் தன் பணியைத் தொடங்குகிறது. அதுவே காப்பி வடிகட்டி. அதன் அமைப்பையும் அது செயற்படும் முறையையும் இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

காப்பிச் செடி நம் நாட்டில் தோன்றியதன்று. பாபா புதன் என்னும் சூஃபி ஞானி 17ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து, சிக்கமகளூரு மலைப்பகுதியில் விதைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி கர்நாடகத்தில் விளைகிறது. கேரளமும் தமிழ்நாடும் அடுத்த நிலைகளில் உள்ளன.

வடிகட்டி பித்தளையாலோ எவர்சில்வராலோ செய்யப்படும். அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு ஏனங்கள் உண்டு. மேல் ஏனத்தின் அடியில் நுண்துளைகள் இருக்கும். தூளை அழுத்துவதற்குக் குடை போன்ற ஒரு தட்டும், மேலே ஒரு மூடியும் உண்டு.

இருவருக்குக் காப்பி வேண்டுமாயின், மேல் ஏனத்தில் மூன்று மேசைக்கரண்டித் தூளை இட்டுக் குடைத்தட்டால் மெல்ல அழுத்த வேண்டும். பின்னர், கொதித்து இறக்கிய நீரில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவை அதன்மேல் சுற்றிலும் ஊற்றி மூட வேண்டும். புவியீர்ப்பால் நீர் தூளின் ஊடே இறங்கி, அதன் சாற்றைக் கரைத்துக்கொண்டு கீழ் ஏனத்தில் சொட்டும். இவ்வடிநீரையே பேச்சு வழக்கில் ‘டிகாக்‌ஷன்’ என்பர். இது முழுவதும் இறங்கக் கால் மணி நேரமோ அதற்குச் சற்று மிகுதியாகவோ ஆகும்.

இங்கு விரைவு பயன் தராது. தூள் மிக நுண்ணியதாயினும், மிகுதியாக அழுத்தப்பட்டாலும் துளைகள் அடைபட்டு நீர் தேங்கிவிடும். தூள் பருமனாக இருந்தாலோ, நீர் விரைந்து ஓடி வடிநீர் நீர்த்துப்போகும். நீரில் வெப்பம் குறைந்தால் சாறு நன்கு கரையாது. வடிநீரை மீண்டும் கொதிக்க வைத்தால் நறுமணம் நீங்கிக் கசப்பு மிகும். ஆதலால், காய்ச்சிய பாலின் சூட்டைக் கொண்டே அதனைச் சூடாக்குவர். டம்ளருக்கும் டவராவிற்கும் மாற்றி மாற்றி ஆற்றும்போது காற்றுக் கலந்து நுரை பொங்குகிறது. குடிக்கத்தக்க சூடும் அமைகிறது.

தூளை வாங்கும்போதும் கருத்து வேண்டும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். அது வடிநீருக்குக் கருநிறமும் திண்மையும் தரும். சிக்கரி கலந்த தூளில் காப்பியின் அளவு 51 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. கலப்பின் அளவை உறையின்மேல் குறிப்பிடவும் வேண்டும். அதனைப் படித்து வாங்குவது நுகர்வோர் கடமை.

ஒவ்வொரு நாளும் சக்கையைக் கொட்டித் துளைகளைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உலர்த்தினால்தான் மறுநாள் வடிநீர் தடையின்றி இறங்கும். குடிப்பவர் கண்ணுக்குப் புலப்படாத இப்பணி, பல வீடுகளில் நெடுங்காலமாகத் தாய் ஒருவருக்கே உரியதாக இருந்துவருகிறது. ஒரு குவளைக் காப்பியின் சுவையில் அவருடைய உறக்கத்தின் ஒரு பகுதியும் கலந்திருக்கிறது. வடிகட்டியைக் கழுவி வைக்கவும், பெரியோர் துணையுடன் வடிநீர் இறக்கவும் வீட்டிலுள்ள ஆண், பெண் அனைவரும் கற்றுக்கொள்ளலாம். சுவையைப் பகிர்வோர் உழைப்பையும் பகிர்வதே முறை.

சொற்பொருள்

ஏனம் – பாத்திரம்
திண்மை – அடர்த்தி
சக்கை – சாறு நீங்கிய எச்சம்
விழுக்காடு – சதவீதம்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வெந்நீர், நறுமணம்.
2. வடிநீர் நீர்த்துப்போவதற்கான காரணம் யாது?
3. காப்பித் தூளின் உறையில் நாம் எதனைப் படித்தறிய வேண்டும்? ஏன்?
4. ‘சுவையைப் பகிர்வோர் உழைப்பையும் பகிர்வதே முறை’ – உம் வீட்டுப் பணி ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.