பேரி மரத்தின் குளிர்த்துயில்

பேரிக்காயைக் கல்முனைச் சந்தையிற் காணாதார் இலர். அதன் மரத்தைக் கண்டார் நம்முள் மிகச் சிலரே. "ஐயா, பழத்தைத் தின்று வித்துக்களை நட்டேன், ஒன்றுதானும் முளைக்கவில்லையே, ஏன்?" என்று மாணாக்கன் ஒருவன் என்னை வினவினான். "நம் மணல்நிலம் அதற்கு ஆகாது" என்று விடையிறுத்தேன். அவ்விடை தவறென்பதைப் பின்னரே கற்றறிந்தேன். அதனைத் திருத்துதற்பொருட்டே இக்கட்டுரை.

பேரி குளிர்நாட்டு மரம். ரோசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையிலேயே அடுத்த ஆண்டுக்குரிய பூவரும்புகளை உருவாக்கிப் பின் இலையுதிர்த்து உறங்கும். இடையில் ஓரிரு நாள் வெயில் எறித்ததென அரும்பு விரியுமாயின், தொடர்ந்து வரும் உறைபனியிற் கருகிவிடும். ஆதலின் போதிய குளிரைக் கழித்த பின்னரே அது கண்விழிக்கும். ஐரோப்பிய வகைகள் பலவற்றிற்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிர் பல நூறு மணிநேரம் வேண்டும். வித்தின் இயல்பும் அஃதே. ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் குளிர்ந்திருந்தாலன்றி அது செவ்வனே முளையாது.

நம் கரையிலோ இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனியும் படியும். அங்கும் பண்டாரவளைப் பக்கத்தும் குறைந்த குளிரே போதுமான பேரி வகைகள் காய்க்கின்றன.

வித்திலிருந்து எழும் மரம் தாய்மரத்தின் கனியை அவ்வாறே தருவதில்லை. ஆகவே நல்ல வகையின் கிளையை வேறொரு நாற்றில் ஒட்டி வளர்ப்பர். வெண்ணிறப் பூக்கள் பெரும்பாலும் வேற்று வகையின் மகரந்தம் பெற்றே காய்க்கும். தேனீ அதனைக் கொணரும். நாம் உண்ணும் தசை, பூவின் அடிப்பகுதி பருத்ததே. நாவில் நறநறப்பவை கல்லணுக்கள். ஐரோப்பியப் பேரியை முற்றியதும் பறித்துப் பழுக்கவைப்பர். மரத்திலேயே பழுக்கவிடின் உள்ளிருந்து அழுகும்.

இவற்றை அறிந்தபின் அம்மாணாக்கனை அழைத்து, வித்துக்களை ஈரத்துணியிற் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். மூன்று மாதத்தின் பின் நான்கு முளைகளைக் கொணர்ந்து காட்டினான். அவை நம் ஊரிற் பூத்துக் காய்க்கமாட்டா என்பதையும் மறையாது கூறினேன். ஆயினும் அவன் முகம் மலர்ந்தேயிருந்தது.

குறை மண்ணிலுமில்லை, வித்திலுமில்லை. அதற்கு வேண்டியதை நான் அறியாமையிலேயே இருந்தது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பறையில் நான் ஒதுக்கிய சிலரை அன்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு வேண்டியது யாதென ஒருநாளேனும் நான் கேட்டதில்லை.