சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஐந்து மாதத்துக்கு முன் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஸ்கேட்டிங் போனபோது வலது கையை ஊன்றி விழுந்துவிட்டான். அன்றே எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு உடையவில்லை, சுளுக்குதான் என்று கிரெப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் தண்டால் எடுத்தாலும், கனமான பையைத் தூக்கினாலும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான். எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார் அவனுடைய அப்பிச்சி. பின்னாளில் இது தொந்தரவு தருமா? 9 வயது மகளும் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், சரவணம்பட்டி, கோவை

பதில்: உருவுவது வேண்டாம் அம்மா. ஐந்து மாதம் கழித்தும் வலிக்கும் மணிக்கட்டை நான் சுளுக்கு என்று ஏற்க மாட்டேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. கட்டைவிரலுக்கு அடியில் முந்திரிப்பருப்பு போல வளைந்திருப்பது ஸ்கேஃபாய்டு. கையை ஊன்றி விழுந்தால் அடி இதன் நடுப்பகுதியில்தான் அதிகம் இறங்கும். விரிசல் மெல்லியதாக இருந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடம் எடுக்க வேண்டும். அதைச் சொல்லாமல் அனுப்புவதுதான் தவறு.

இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக நுழைந்து முன்கையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் குறையும். முறிவு சேராமல் நிற்கும். சிலருக்கு அந்தத் துண்டு செத்தே போகும். வெளியே எதுவும் தெரியாது. பையன் எழுதுவான், சாப்பிடுவான், விளையாடுவான். உள்ளே எலும்புகளின் வரிசை குலைந்து குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே வரும். பத்து, இருபது வருடத்தில் மணிக்கட்டு இறுகி, பிடியில் வலு குறைந்துவிடும். லேத்திலும் பவுண்டரியிலும் தறியிலும் கையை நம்பிப் பிழைக்கும் ஊர் நம்முடையது. முப்பத்தைந்து வயதில் மணிக்கட்டுத் தேய்மானத்தோடு வருபவர்கள், "சின்ன வயசுல ஒரு தடவை விழுந்தேனுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேட்கும்போது மனம் கனக்கிறது.

மகனைக் கட்டைவிரலை விறைப்பாக மேலே நீட்டச் சொல்லுங்கள். அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அதை அழுத்துங்கள், மறு கையிலும் அழுத்திப் பாருங்கள். அடிபட்ட கையில் மட்டும் சுருக்கென்று வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. வலிக்காவிட்டாலும் ஸ்கேஃபாய்டுக்கென உள்ள தனிக் கோணங்களில் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கத்தான் வேண்டும்.

தொடக்கத்திலேயே தெரிந்தால், எலும்பு விலகாத முறிவுக்கு இரண்டு, மூன்று மாத மாவுக்கட்டே பெரும்பாலும் போதும். இத்தனை நாள் சேராமல் இருந்தால் இடுப்பிலிருந்தோ முன்கையிலிருந்தோ கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, சிறு ஸ்க்ரூ போட வேண்டிவரலாம். இந்த வயதில் பெரும்பாலும் நன்றாகச் சேரும். தேய்ந்த பிறகு வந்தால் வலியைக் குறைக்க முடியுமே தவிர, பழைய மணிக்கட்டைத் திருப்பித் தர எங்களால் முடியாது.

அப்பிச்சியிடம் இதையும் பக்குவமாகச் சொல்லுங்கள்: முழங்கையில் அடிபட்ட புதிதில் உருவினால், தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போவதுண்டு.

மகள் விஷயம் வேறு. அவள் வயதில் முன்கை எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு திறந்தே இருக்கும். அங்கே ஏற்படும் முறிவுகள் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்குத் தட்டு முன்கூட்டியே மூடி, ஓர் எலும்பு குட்டையாகி, மணிக்கட்டு கோணிப்போகும். அதனால் அங்கே அடிபட்டால் கட்டுப் பிரித்ததோடு விடாமல் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி காட்ட வேண்டும்.

வகுப்பை நிறுத்தாதீர்கள். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் ஸ்கேட்டிங் உலகத் தங்கம் வென்ற பிறகு பிள்ளைகளுக்கு வந்திருக்கும் ஆசை நல்ல ஆசை. ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் வாங்கித் தருகிறோம், மணிக்கட்டுக் கவசத்தை விட்டுவிடுகிறோம். 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அதை அணியாத ஸ்கேட்டர்களுக்கு மணிக்கட்டுக் காய வாய்ப்பு சுமார் பத்து மடங்கு இருந்தது. மகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

மகனை இந்த வாரமே எலும்பு அல்லது கை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள்.