மார்கழி வரை பொறு

அன்புள்ள தம்பிக்கு,

பாகூரில் நீ ஸ்டுடியோ திறந்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். முந்தாநாள் போனில், "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுன போட்டோஷாப், விண்டோஸ் அப்டேட் ஆனதுலேர்ந்து நகரவே மாட்டேங்குது, சிஸ்டத்தையே மாத்தணுமா?" என்று கேட்டாய். கடையில் ஆள் இருந்ததால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன், உன்னைப் போல் புதிதாக இறங்கியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

மாற்ற வேண்டாம். முதலில் ஒரு நாள் அப்படியே விடு. பெரிய அப்டேட் முடிந்தபின் விண்டோஸ், தேடலுக்காக ஃபைல்களைத் திரும்ப ஒருமுறை எண்ணிக் கணக்கெடுப்பதுண்டு. பழைய ஹார்டு டிஸ்க் அதிலேயே மூச்சு வாங்கும். அதற்குப் பிறகும் திணறினால் சி டிரைவைப் பார். திரும்பிப் போக வழி வேண்டுமே என்று பழைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரில் பத்து நாள் வைத்திருக்கும். பல ஜிபி அதற்கே போய்விடும். நீ மாற்றாதவரை, போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் ஸ்கிராட்ச் டிஸ்க்கும் அதே சி டிரைவில்தான். நாற்பது லேயர் ஆல்பம் ஷீட்டைத் திறந்தால் இடத்துக்கு எங்கே போகும்? ஸ்கிராட்ச்சை வேறு டிரைவுக்கு மாற்று.

அப்டேட் சில சமயம் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரையும் மாற்றிவிடும். லிக்விஃபை, கேமரா ரா போன்ற கனமான வேலைகளைப் போட்டோஷாப் கார்டிடம்தான் கொடுக்கிறது. டிரைவர் ஒத்துவராவிட்டால் அத்தனையும் பிராசசர் தலையில் விழும். பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸைத் திறந்து, கிராபிக்ஸ் பிராசசருக்கு டிக் இருக்கிறதா பார். இல்லையென்றால் கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போடு.

வேகம் குறைந்தால் உடனே தெரிந்துவிடும். நிறம் மாறினால் தெரியாது, எனக்கு அதில்தான் பயம். சில வருஷம் முன்னால் வில்லியனூரில் ஒரு கல்யாண ஆல்பம். லேபுக்கு அனுப்ப ஒரு நாள் இருக்கும்போது, ராத்திரி நானே அப்டேட்டை அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். மானிட்டருக்குப் போட்டிருந்த கலர் புரொஃபைல் அதில் கழன்றுவிட்டது. காலையில் நான் பார்க்கவில்லை, தவறு என்னுடையதுதான். திரையில் அரக்குக் கூறைப்புடவை அதிகம் சிவந்து தெரிந்ததால் எல்லா ஷீட்டிலும் சிவப்பைக் குறைத்தேன். பிரிண்ட் வந்தபோது புடவை பழம்புளி நிறத்தில் இருந்தது, தாலிக்கயிற்றின் மஞ்சளில் பச்சை தட்டியது. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தில் இருந்த புடவை மேல் விரல் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அத்தனை ஷீட்டையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோதும், சில எச்டிஆர் மானிட்டர்களில் எடிட்டிங் மென்பொருள்கள் வெள்ளையை மஞ்சளாகக் காட்டியதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் சரியானது. அதனால் ஒரு நல்ல பிரிண்டை மேசையிலேயே வைத்துக்கொள்: கூறைப்புடவை, மஞ்சள் கயிறு, மல்லிகை, மாநிற முகம் எல்லாம் உள்ள படமாக இருக்கட்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு அதே படத்தைத் திரையில் திறந்து ஒப்பிட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடு.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்துவைக்கலாமா? கூடாது. கண்ட பென் டிரைவும் நம் சிஸ்டத்தில்தான் வந்து ஏறுகிறது. நம்மிடம் இருப்பது ஊர்ப் பெண்களின் முகம், தம்பி. நம்மை நம்பித்தான் கேமரா முன்னால் நிற்கிறார்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்காமல் வைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மாதாமாதம் வரும் சிறியவற்றை டெலிவரி இல்லாத நாளில் போடு. தேவைப்பட்டால் செட்டிங்ஸில் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர், மாதா கோயில் தேர்பவனி என்று வேலை குவியும்போது அது உதவும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரியதற்குப் பஞ்சாங்கத்தைப் பார். அது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமெல்லாம் முடியட்டும், மார்கழியில் போடு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே அழித்தது. சில நாளில் நிறுத்தி, நவம்பரில் திருத்தி வெளியிட்டார்கள். மார்கழிவரை பொறுத்தவனுக்கு அந்தச் சேதம் இல்லை. பொறுத்தாலும், அழுத்துவதற்கு முன் எல்லாப் படத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒயரைக் கழற்றி பீரோவில் வை.

ஒன்று விட்டுப்போயிற்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்தால் கூடுதலாக ஓர் ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும். 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். உன்னுடையது எத்தனையாவது என்று பார்த்து வை. ஞாயிறு மதியம் பாகூர் வருகிறேன். பிரிண்டையும் எடுத்து வை, மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்