உலக வரலாறு – டியூஷன் இல்லாமலே படிக்கலாம்!



பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு என்றாலே கணக்கு, அறிவியல் பின்னாடிதான் எல்லாரும் ஓடுறோம். சமூக அறிவியலை, அதிலும் உலக வரலாற்றை, கடைசி வாரத்துக்குத் தள்ளிடுறோம். அதுக்கும் 100 மார்க்தானே! டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாதவங்களும் புத்தகத்தை மட்டும் வைத்தே இதில் நல்ல மார்க் வாங்கலாம்.

முதலில் வருஷங்கள். இவற்றைத் தனித்தனியா மனப்பாடம் செய்தால் ஹாலுக்குள் போனதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சங்கிலியாகக் கோர்க்க வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். 1914 ஜூன் 28, சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொலை. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1919-ல் அதே ஜூன் 28-ல்தான் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரே தேதி, மறக்கவே மறக்காது!

அடுத்து 'ஏன்?' என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இதுதான் முக்கியம். இளவரசரைச் சுட்டது ஒரு போஸ்னிய செர்பிய இளைஞன். அப்புறம் ஜெர்மனி எதுக்கு பிரான்சோடு மோதணும்? ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்தது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை. ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸ். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்ததும், ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் இறங்கிவிட்டது. இந்தக் கதையை புத்தகத்தை மூடிவிட்டு தம்பி தங்கைக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுறீங்களோ அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். ஐந்து மார்க் கேள்விக்கு விடை தயார். இத்தாலி மட்டும் உஷார்! ஜெர்மனியின் கூட்டணியில் இருந்துகொண்டே, 1915-ல் எதிர்ப்பக்கம் சேர்ந்தது.

(நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டது. "அவன் சரியான எம்டன்" என்று பெரியவங்க சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான்!)

இரண்டாம் போருக்கும் இதே வழிதான். 1929 பொருளாதாரப் பெருமந்தம், வேலையில்லாத் திண்டாட்டம், 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தது, 1939 செப்டம்பர் 1-ல் போலந்து மீது தாக்குதல், 1941-ல் பேர்ல் ஹார்பர், 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, அக்டோபர் 24 ஐ.நா. சபை. நடுவில் உள்ள காரணங்களை நீங்களே நிரப்புங்கள்.

நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்து அடுக்குவதைவிட பழைய வினாத்தாள் இரண்டை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

மேப்பை விட்டுடாதீங்க. 1914 ஐரோப்பா படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசு இன்று இல்லை. அன்று தனிநாடாக இல்லாத போலந்து இன்று இருக்கிறது. சரயேவோ இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? கண்டுபிடித்தவர்கள் விடையை இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதவும்.