முரட்டு நண்டு அல்ல, சங்கில்லாத நண்டு

தொட்டியில் ஒரு துறவி நண்டு இன்னொன்றைச் சங்கிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டால், தில்லி வீடுகளில் வரும் முதல் தீர்ப்பு: "அது முரடு, தனியாகப் போட்டுவிடு." இந்த நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. நிலத்தில் வாழும் துறவி நண்டுகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றைப் பிரித்தால் அன்றைய சண்டை ஓயும். சண்டையின் காரணம் தொட்டியிலேயே கிடக்கும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் சங்கு. இந்த நண்டின் வயிறு மென்மையானது. அதை மூடிக்கொள்ள, இறந்த நத்தை விட்டுப்போன சங்கைத்தான் தேட வேண்டும். வளர வளரப் பெரிதாகவும் தேட வேண்டும். கோஸ்டாரிகா கடற்கரையில் இவற்றை ஆராய்ந்த மார்க் லேட்ரே, அங்குள்ள நண்டுகள் சங்கின் உட்புறத்தைக் குடைந்து விசாலமாக்குவதையும், அப்படிப் பதமான சங்குக்காக உள்ளே இருப்பதை வெளியேற்றுவதையும் எழுதியிருக்கிறார். அதனால் "ஒரே அளவு நண்டுகள் என்றால் சண்டை வராது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே அளவு என்றால் ஒரே சங்குக்குத்தான் போட்டி. நண்டு ஒன்றுக்கு நான்கைந்து சங்குகள், இப்போதிருப்பதைவிடச் சற்றே பெரிய வாயோடு, தொட்டியில் கிடக்கட்டும். வண்ணம் பூசியது வேண்டாம். உரியும் பூச்சை நண்டு தின்னும்.

உணர்கொம்பால் தட்டிக்கொள்வதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் சண்டை அல்ல, அறிமுகம். ஒன்று மற்றதன் சங்கு வாயைப் பற்றிக்கொண்டு விடாமல் ஆட்டினால்தான் தலையிட வேண்டும். அப்போதும் நண்டின் உடலைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிய்ந்துபோனாலும் அது சங்கை விடாது.

"தன் இனத்தையே தின்னும் கொடிய பிராணி" என்ற பேச்சும் உண்டு. தின்பது உண்மைதான், எப்போது என்பதைப் பார்க்க வேண்டும். தோல் உரிக்கும் நண்டு மணலுக்குள் புதைந்து, வாரக்கணக்கில், பெரியதென்றால் மாதக்கணக்கில், மெத்தென்ற உடலோடு கிடக்கும். தன் இனத்தின் சதை வாசனை இந்த நண்டுகளை ஈர்க்கும் என்பதையும் லேட்ரேயின் குழு காட்டியிருக்கிறது: ஒரு நண்டு செத்தால் ஒரு சங்கு காலியாகும். மணல் ஆழமில்லாத தொட்டியில் மற்றவை தோண்டிவிடும். ஐந்து பங்கு மணலும் ஒரு பங்கு தென்னை நார்த்தூளும் ஈரமாகக் கலந்து, குறைந்தது 15 செ.மீ. ஆழம் நிரப்புங்கள். புதைந்தது செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்ப்பவர்கள்தான் பல நண்டுகளைக் கொன்றிருக்கிறார்கள். மேலேயே தோல் உரித்தால், இரு பக்கமும் வெட்டிய பாட்டிலை வேலிபோல் சுற்றிலும் அழுத்தி வையுங்கள். உரித்த தோலை எடுக்காதீர்கள், அதைத் தின்றுதான் புது ஓடு கெட்டிப்படும்.

புரதம் போதாத நண்டும் பக்கத்து நண்டைக் கடிக்கத் துணியலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலோ சி.ஆர். பார்க்கிலோ வாங்கும் இறாலில் ஒரு துண்டு, கொஞ்சம் முட்டை ஓட்டுத்தூள், இவை போதும்.

தில்லிக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த நண்டு செவுளால் மூச்சு விடுவது. காற்றில் 75 முதல் 80 சதவீதம் ஈரமும், 24 முதல் 29 டிகிரி வெப்பமும் வேண்டும். மே மாத லூ காற்றில் இங்கே ஈரம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். ஜனவரி இரவின் குளிருக்கு ரூம் ஹீட்டர் போட்டால் மிச்ச ஈரமும் வற்றும். கம்பி வலைக் கூண்டில் மூச்சுத் திணறும் நண்டின் தவிப்பை ஆக்ரோஷம் என்று படிக்கிறோம். மூடியுள்ள கண்ணாடித் தொட்டியும், உள்ளே ஓர் ஈரமானியும் அவசியம். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணத்தில், மீன் தொட்டிக் கடையில் விற்கும் கடல் உப்புக் கரைத்தது இன்னொன்றில். சமையல் உப்பு ஆகாது.

"ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம்" என்பவர்களுக்கு: இதன் குஞ்சு கடலில்தான் வளரும், ஆகவே கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே கரையிலிருந்து பிடித்து வந்தவை. நன்றாக வைத்துக்கொண்டால் முப்பது ஆண்டுகூட வாழக்கூடியவை. வளர்க்க முடியாவிட்டால் யமுனைக் கரையில் விட்டுவிடலாம் என்பதும் தவறு. அங்கே கடல் நீரும் இல்லை, தில்லிக் குளிரைத் தாங்கும் உடலும் அதற்கில்லை. ஆழமான மணல் தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடி, சங்குகளையும் சேர்த்துக் கொடுங்கள்.