குளத்தைக் கண்டு கை நடுங்கிறவைக்கு

ஒஃபீஸ் ஆக்கள் பொரளையில கோல்ப் விளையாடக் கூப்பிட்டிருக்கினமாம், பயமாக் கிடக்கு எண்டாய், தங்கச்சி. ரோயல் கொழும்பு கோல்ப் கிளப் 1879 இல தொடங்கினது. அங்க தண்ணியும் இருக்கு. பழகேக்க ஒழுங்கா அடிக்கிற நீ, தண்ணியைக் கண்டதும் பந்து போய்ச் சேருமோ எண்டு தலையைத் தூக்குவாய். தலை எழும்பினா பந்து எழும்பாது.

போனாலும் போகட்டும் எண்டு பழைய பந்தை எடுத்து வைக்காத. அதை எடுக்கேக்கையே மனசு தண்ணிக்குள்ள இறங்கியிடும். எட்டாம் நம்பர் கிளப் காணும் எண்டு நினைச்சா ஏழை எடு. புதுசாப் பழகிறவையின்ர பந்து அநேகமா எட்டாமத்தான் விழும். கொடி கரையோட நிண்டா அதை மறந்திட்டு, கிரீனின்ர நடுவுக்கு அடி.

விழுந்திட்டுதோ, ஒரு அடிதான் தண்டம். எல்லாரும் 'தொபுக்' எண்ட இடத்தைப் பாப்பினம். நீ பந்து தண்ணியின்ர எல்லையைத் தாண்டின இடத்தைக் குறிச்சு வை. எல்லையில நிக்கிறது சிவப்புக் கம்பம் எண்டா அங்கயிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்டப் போகாமப் பந்தை விடலாம். மஞ்சளுக்கு அந்தச் சலுகை இல்லை: தாண்டின இடத்தையும் கொடியையும் ஒரே கோட்டில வைச்சுப் பின்னால போ, இல்லாட்டி முந்தி அடிச்ச இடத்திலயிருந்தே திரும்ப அடி. 2019 இலயிருந்து முழங்கால் உயரத்திலதான் பந்தைக் கைவிடவேணும், பழைய ஆக்கள் தோள் உயரம் எண்டு சொன்னாக் கேளாத.

பெரிய ஆக்களுக்கும் இதே கதைதான். புளோரிடாவில சோகிராஸ் மைதானத்தின்ர 17ஆம் குழி ஏறத்தாழ 125 மீற்றர்தான், சுத்திவரத் தண்ணி. மண் எடுக்கத் தோண்டின பள்ளத்தை ஏரியாக்குவம் எண்டு சொன்னது, மைதானத்தை வடிவமைச்ச பீட் டையின்ர மனுசி அலிஸ். மூண்டு அடியில முடிக்கவேண்டிய அந்தக் குழிக்கு 2005 இல பொப் ட்வே எண்ட ஆட்டக்காரர் 12 அடி அடிச்சார். அதைப் பாக்கத்தானே சனம் அள்ளுப்படுது! மணலில விழுந்தாச் சமாளிக்கலாம். தண்ணி உடன தீர்ப்புச் சொல்லும், அதிலதான் ருசி.

யாழ்ப்பாணத்திலயும் ஒரு கோல்ப் மைதானம் வந்தா நல்லம் எண்டாய். எனக்கு விருப்பமில்லை. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேலதான் மிதக்குது. புல்லுக்கு இறைச்சு இறைச்சே கிணறு உவராயிடும்.

இன்னொண்டு, பொரளையில களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்குள்ளாலதான் போகுது. சத்தம் கேட்டா அடிக்காம நில், ரயில் போகட்டும்.